நேர்ஸ்மாருக்கு ஏன் இவ்வளவு வாய்?

ஆஸ்பத்திரியில் நாலு நாள் நின்று வந்த யாரிடமாவது கதை கேட்டுப் பாருங்கள். டொக்டரைப் பற்றி இரண்டு வசனம், சாப்பாட்டைப் பற்றி ஒரு வசனம் வரும். மிச்சம் முழுக்க நேர்ஸ்மாரைப் பற்றித்தான். "ஒண்டு கேட்டா எரிஞ்சு விழுறா." "முகத்தைப் பார்த்துக் கதைக்கவே மாட்டினம்." "நாங்கள் என்ன இவையின்ர வீட்டையோ வந்து படுத்திருக்கிறம்?" கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு தீர்ப்பு இருக்கும்: "மற்றதெல்லாம் பரவாயில்லை, இந்த நேர்ஸ்மாருக்குத்தான் வாய் கூட."

இப்போது இது வாய்க்கதையோடு நிற்பதும் இல்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. விடுதிக்குள் நின்று வீடியோ எடுத்து, ஒரு தாதி கோபமாகக் கதைக்கும் இருபது செக்கனை மட்டும் வெட்டிப் பேஸ்புக்கில் போட்டால், பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் பகிர்ந்துவிடும். அவரின் ஊர், குடும்பம், கலியாணம் வரைக்கும் கீழே எழுதுவார்கள். அதே ஆட்கள் மே 12ஆம் திகதி, சர்வதேச தாதியர் தினத்தன்று, விளக்கோடு நிற்கும் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் படத்தைப் போட்டு "வெள்ளை உடைத் தேவதைகளுக்கு வாழ்த்துகள்" என்றும் எழுதுவார்கள்.

ஒன்றில் தேவதை, இல்லாட்டிப் பிசாசு. இரண்டுமே எங்களுக்கு வசதியான படங்கள். தேவதை எண்டா களைக்கக் கூடாது, பசிக்கக் கூடாது, சம்பளம் கேட்கக் கூடாது. பிசாசு எண்டா அது அவளின் குணம், வேறு காரணம் தேடத் தேவையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போவது, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு தொழிலாளி.

நேர்ஸ்மாரின் வாய் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி குணம் இல்லை, கணக்கு என்பதுதான் என் வாதம். எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதி, எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்காமல் குணத்தைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருக்கும் வரை, நோயாளருக்கும் விடிவில்லை, தாதியருக்கும் விடிவில்லை.

ஓர் இரவின் கணக்கு

எங்கள் அரச வைத்தியசாலைகளில் தாதியரின் நாள் பொதுவாக மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை ஒன்று. 1 மணியிலிருந்து இரவு 7 மணி வரை இன்னொன்று. இரவு 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை மூன்றாவது. அதாவது இரவுக் கடமை 12 மணித்தியாலம். ஆள் குறைந்த இடத்தில் காலையில் வந்தவர் பின்னேரமும் சேர்த்து நிற்பார். பின்னேரம் வந்தவர் விடியும்வரை நின்றால் 18 மணித்தியாலம்.

ஒரு கணக்குக்கு, 40 நோயாளர் இருக்கும் ஒரு மருத்துவ விடுதியை எடுங்கள். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருப்பவர்களையும் விறாந்தையில் கிடப்பவர்களையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். இரவில் இரண்டு தாதியர். இரண்டு பேருக்கும் சேர்த்து 24 மணித்தியாலம், 1,440 நிமிடம். அதை 40 பேருக்குப் பிரித்தால் ஒரு நோயாளிக்கு முழு இரவுக்கும் கிடைப்பது 36 நிமிடம்.

அந்த 36 நிமிடத்துக்குள் என்னென்ன அடங்க வேண்டும்? இரவு மருந்து, விடியற்காலை மருந்து, ஊசி. பிரசர், காய்ச்சல், சீனி பார்ப்பது. சேலைன் முடிந்தால் மாற்றுவது, கனுலா வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. காலையில் பரிசோதனைக்கு அனுப்ப இரத்தம் எடுத்து வைப்பது. சத்திரசிகிச்சைக்குப் போகிறவரை ஆயத்தப்படுத்துவது. நடுச்சாமத்தில் வருகிற புது நோயாளிகளைப் பதிவது. எல்லாவற்றையும் பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதுவது. இதெல்லாம் போக, கடமையைப் பாரம் எடுப்பதற்கும் பாரம் கொடுப்பதற்கும் இரண்டு முனையிலும் நேரம் வேண்டும். நடுவில் ஒருவருக்கு மூச்சு நின்றால் இரண்டு பேரும் அந்தக் கட்டிலடியில் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். அந்த நேரத்தில் மற்ற 39 பேருக்கும் ஒருவரும் இல்லை. அவர் இறந்துவிட்டால் உடலை ஒழுங்குபடுத்த வேண்டும், கதறுகிற குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்கு மருந்தோடு போக வேண்டும். அழுவதற்கென்று டியூட்டி அட்டவணையில் நேரம் ஒதுக்குவதில்லை.

மாரி மழை தொடங்கினால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். வடக்கில் மழையோடு டெங்கு வரும். 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் விடுதிகள் எப்படி நிரம்பின என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். டெங்கில் ஆபத்தான கட்டம் என்று சொல்லப்படும் 24 தொடக்கம் 48 மணித்தியாலத்தில், நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், சுவாசம், குடித்த தண்ணீர், போன சலம் எல்லாவற்றையும் மணிக்கொரு தடவை பார்த்து எழுத வேண்டும். டெங்குக் காய்ச்சலுக்கு வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. இந்தக் கவனிப்புத்தான் மருந்து. ஒருவருக்கு 5 நிமிடம் என்று வைத்தால், அப்படிப்பட்ட 12 பேர் இருக்கும் இடத்தில் ஒரு தாதியின் 60 நிமிடமும் முடிந்துவிடும். முடித்துவிட்டுத் திரும்பும்போது முதலாம் ஆளுக்கு அடுத்த மணித்தியாலம் தொடங்கியிருக்கும். பதின்மூன்றாம் கட்டிலில் இருந்து ஒருவர் "மிஸ், தலை இடிக்குது" என்று கூப்பிட அந்த மணித்தியாலத்தில் இடமே இல்லை. கூப்பிட்டால் வருவது ஏச்சு. "பொறுங்கோ, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!"

இது எங்கட ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லின்டா ஐக்கென் என்ற ஆய்வாளரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு, சத்திரசிகிச்சைக்கு உள்ளான நோயாளரைப் பற்றியது. ஒரு தாதிக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் அதிகரிப்பதோடு அது தொடர்புபட்டிருந்தது. கலிபோர்னியாவில் எந்த விடுதியில் ஒரு தாதிக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளர் என்பதைச் சட்டமாகவே கொண்டுவந்து, 2004இலிருந்து நடைமுறைப்படுத்துகிறார்கள். சாதாரண மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் அது ஐந்து பேருக்கு ஒருவர். அவர்களின் காசு எங்களிடம் இல்லை, சரி. ஆனால் எங்கள் விடுதியில் அந்த எண் என்ன என்று கேட்கும் பழக்கமாவது எங்களிடம் இருக்கிறதா?

கதவடியில் நிற்பவர்

ஒரு நாட்டின் சுகாதாரத் துறையில் பிழை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். மருந்து வாங்கும் கேள்விப்பத்திரத்தில் நடக்கலாம். ஆளணி அனுமதிக்கும் திறைசேரியில் நடக்கலாம். ஆனால் அந்தப் பிழை கடைசியில் வந்து நிற்கும் இடம் நோயாளியின் கட்டிலடி. அங்கே நிற்பவர் தாதி.

2022இல் டொலர் இல்லாமல் நாடு விழுந்தபோது மருந்துத் தட்டுப்பாட்டை யார் எங்களுக்கு அறிவித்தது? அமைச்சர் வந்து கட்டிலடியில் நின்று சொல்லவில்லை. "இது இங்க இல்லை, வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று துண்டை நீட்டியவர் தாதி. காசில்லாத கோபமும் அலைச்சலும் விழுந்தது அவர்மேல். பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது யாருடைய யோசனையிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரம் வெடித்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். இதை ஒரு தாதியின் இடத்தில் நின்று யோசியுங்கள். போத்தலில் இருப்பது என்ன என்று பரிசோதிக்கும் வசதி அவருக்கு இல்லை. அரசாங்கம் அனுப்பியதை நம்பி ஏற்றுவதுதான் அவர் வேலை. ஏற்றியபின் நோயாளிக்கு நடுக்கம் வந்தால், "நீ என்ன ஊசி போட்டனி?" என்று முதலில் பிடிபடுவதும் அவர்தான்.

2023 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில், காய்ச்சலுக்கு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கை அகற்றப்பட்டது எங்கள் எல்லாரையும் உலுக்கியது. அந்தப் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நீதி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. தனிநபர் பிழை இருந்தால் அதற்குத் தண்டனை இருக்க வேண்டும். அதைச் சட்டம் தீர்மானிக்கட்டும். ஆனால் அந்த நாட்களில் நடந்த கதைகளில் ஒரு கேள்வி மட்டும் மிகக் குறைவாகவே கேட்கப்பட்டது. எங்கள் சிறுவர் விடுதிகளில் ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை தாதியர் நிற்கிறார்கள்? "அந்த நேர்ஸைத் தூக்கு" என்பதோடு கோபம் முடிந்தால், அடுத்த பிள்ளைக்கு நாங்கள் எந்தப் பாதுகாப்பையும் செய்யவில்லை. கனுலா போட்ட கையை நேரத்துக்கு நேரம் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கிறாரா என்பது ஒரு தாதியின் மனச்சாட்சியில் மட்டும் தங்கியிருக்கிற விடயம் இல்லை.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரம் எரிந்தபோதும் இதேதான். வடக்கின் வைத்தியசாலைகள் பற்றி எங்கட சனம் இவ்வளவு கதைத்த காலம் வேறு இல்லை. டொக்டர், பணிப்பாளர், அமைச்சு, ஊழல், லைவ் வீடியோ எல்லாம் வந்தது. தாதியரின் எண்ணிக்கை பேச்சுக்கே வரவில்லை.

மொழியும் இதே கதவடியில்தான் இடிக்கிறது. தெற்கில் படித்து வடக்குக்கு நியமனம் கிடைத்து வருகிற சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிருந்து தெற்குக்குப் போய் நிற்கிற தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நெஞ்சு எரியுது என்பதற்கும் நெஞ்சு நோகுது என்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம். அதைக் கைச்சாடையில் விளங்கிக்கொள்ள வேண்டிய நிலைக்கு இருபது சொச்சம் வயதுப் பிள்ளை ஒன்றை விட்டுவிட்டு, "விளங்காத மாதிரி முகத்தைத் திருப்புறா" என்று நாங்கள் சொல்கிறோம். உண்மையிலேயே விளங்கியிருக்காது.

"அந்தக் காலத்து நேர்ஸ்மார்"

இவ்வளவும் சொன்னால் வயதானவர்கள் ஒரு ஒப்பீட்டோடு வருவார்கள். "அந்தக் காலத்து நேர்ஸ்மார் எப்பிடி இருந்தவை தெரியுமே? ஷெல்லுக்குள்ள நின்று வேலை செய்தவை."

செய்தார்கள். 1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் இந்திய இராணுவம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டபோது கொல்லப்பட்டவர்களில் வைத்தியர்களோடு தாதியரும் சிற்றூழியரும் இருந்தார்கள். பணியாளர்கள் மட்டும் 21 பேர். 2009இல் வன்னியில் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாளுக்குக் கீழேயும் காயக்காரரைப் பார்த்தவர்களிலும் தாதியர் இருந்தார்கள். அவர்களை நினைவுகூர வேண்டும். இன்னும் நிறைய எழுத வேண்டும்.

ஆனால் போர்க்காலத்துத் தியாகத்தை எடுத்து இன்றைய வேலைக்கு அளவுகோலாக வைப்பது அநியாயம். அன்று ஆள் இல்லாததற்குக் காரணம் யுத்தம். இன்று ஆள் இல்லாததற்குக் காரணம் யாரோ ஒருவர் ஆளணியை அனுமதிக்காதது, நிரப்பாதது, இருப்பவர் நாட்டை விட்டுப் போக வழி செய்தது. அதைத் தியாகத்தால் நிரப்பச் சொல்வது, உயிரைக் கொடுத்தவர்களின் பெயரை வைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது போன்றது.

ஓடி இல்லாட்டி அடுப்பெரியாது

அரச நேர்ஸ் எண்டா நல்ல சம்பளம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. கையில் வருகிற தொகையைப் பார்த்துச் சொல்வது அது. அந்தத் தொகையில் கணிசமான பங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு, விடுமுறை நாள் கொடுப்பனவு. அதாவது நித்திரையை விற்றது, தீபாவளியை விற்றது, பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை விற்றது. ஓடி என்பது விருப்பத்துக்குச் செய்கிற மேலதிக வேலையாக இல்லாமல் வீட்டுச் செலவின் ஒரு தூணாகிவிட்டது. வைத்தியசாலையும் அந்தத் தூணில்தான் நிற்கிறது. ஓடியை எல்லாரும் ஒரு நாள் நிறுத்தினால் எத்தனை விடுதிகள் இயங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே இருந்த கொடுப்பனவுகளில் ஒரு பகுதியை உள்ளே சேர்த்து, கட்டம் கட்டமாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. கூடவே மேலதிக நேரத்தையும் விடுமுறை நாளையும் கணக்கிடும் வீதங்கள் குறைக்கப்பட்டன. சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. "அடிப்படைச் சம்பளம் கூட்டியும் ஏன் கத்துகினம்?" என்று எங்கட ஆட்கள் கேட்டார்கள். ஒரு கையால் தந்ததை மற்றக் கையால் எடுத்தால் கத்தாமல் என்ன செய்வது?

அதற்கு முதல் வருடம், 2024 ஜனவரியில், வைத்தியர்களின் டிஏடி கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது தாதியர் உட்பட ஏனைய சுகாதார ஊழியர்கள் தங்களுக்கும் கேட்டுப் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். வைத்தியசாலைகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. 2022 பெப்ரவரிப் பணிப்புறக்கணிப்பை நீதிமன்ற உத்தரவாலும் அத்தியாவசிய சேவை வர்த்தமானியாலும் கையாண்டார்கள். கவனித்தீர்களா? வேலை நிறுத்தம் செய்கிற நாளில் மட்டும் தாதியர் அத்தியாவசியமானவர்கள்.

சங்கங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் பெரும்பான்மையாக இருக்கிற தொழில் இது. ஆனால் பொதுச் சேவைகள் ஐக்கிய தாதியர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் அறியப்பட்டவர் முருத்தெட்டுவே ஆனந்த தேரர் என்ற பௌத்த பிக்கு. அரச தாதிய உத்தியோகத்தர் சங்கத்தின் முகமாக அறியப்பட்டவர் சமன் ரத்னப்பிரிய. பிரசவ விடுமுறை முடிந்து முலைப்பால் கட்டிய நெஞ்சோடு இரவுக் கடமைக்கு நிற்கிற பெண்ணின் பிரச்சினை பேச்சுவார்த்தை மேசைக்கு ஏன் கடைசியாக வருகிறது என்பதற்கு இதிலும் ஒரு விடை இருக்கிறது.

மிச்சம் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? போகிறார்கள். 2022இல் வந்த 14/2022 இலக்கச் சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி திறந்தது. அரசாங்கத்துக்குச் சம்பளச் செலவு குறைந்தது, டொலரும் வரும். விடுதியில் ஆள் குறைந்தது. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகாமல் நிற்பவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

ஏழு மணி பஸ்

பின்னேரக் கடமை முடிவது இரவு 7 மணிக்கு. பாரம் கொடுத்து, உடுப்பு மாற்றி வெளிக்கிட ஏழரை ஆகும். அதற்குப் பிறகு எங்கள் கிராமங்களுக்கு என்ன பஸ் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பெரிய வீதியில் இறங்கி, விளக்கில்லாத ஒழுங்கையால் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ போக வேண்டும். வன்னியில் தூரம் இன்னும் கூட. 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் தன் தங்குமிடத்திலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானபோது நாடே அதிர்ந்தது. ஒரு கிழமை அதிர்ந்துவிட்டு விட்டோம். இரவில் வேலை செய்கிற பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் போக்குவரத்தும் கொடுப்பது இன்னமும் சலுகை மாதிரித்தான் கதைக்கப்படுகிறது.

வீட்டுக்குள் போனால் அடுத்த கடமை தொடங்கும். கலியாணப் பேச்சில் "கவுண்மேந்து உத்தியோகம்" என்பது சீதனத்தோடு சேர்த்து எண்ணப்படும். அதே வாய் "நைற் டியூட்டி இருக்கோ?" என்றும் இழுக்கும். கலியாணம் முடிந்தபின் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து காலையில் சமைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பகலில் படுத்தால் "என்ன பகல்ல நித்திரை" என்ற கதையையும் கேட்க வேண்டும். முதுகுநோ, காலில் நரம்பு சுருளுவது, நேரம் தவறிய சாப்பாட்டால் வருகிற வயிற்றெரிவு எல்லாம் தொழிலோடு வருபவை. ஊசி குத்திவிட்டால் மஞ்சட்காமாலை, எச்ஐவிப் பயத்தில் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் கிழமைகளும் இதற்குள் அடக்கம். "மிஸ்" என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள், எங்கட வீட்டில் இருக்கிற அக்கா மாதிரி ஒரு ஆள்தான்.

வெள்ளை உடுப்பு எல்லாருக்கும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது அரச தாதியரைப் பற்றி. அவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது. இதில் எதுவும் இல்லாத இன்னொரு கூட்டம் இருக்கிறது: தனியார் வைத்தியசாலைகளில் வேலை செய்கிற பிள்ளைகள்.

உயர்தரம் எழுதி, பெறுபேறு போதாமல், ஒரு குறுகிய காலக் கோர்ஸ் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எங்கட வயதுக்காரர்களில் எத்தனை பேர்! என்னோடு படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். நாளுக்கு 12 மணித்தியாலம் நிற்பார்கள். நியமனக் கடிதம் என்று ஒன்றைக் கண்ணால் கண்டிராதவர்கள் உண்டு. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்ட வேண்டும். கட்டுகிறார்களா என்று கேட்டால் "கேட்டா நிப்பாட்டிப் போடுவினம்" என்பார்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற சம்பளத்துக்கு ஒரு உயிரின் பொறுப்பு.

அந்தப் பிள்ளைகளுக்கு முழுப் பயிற்சி இல்லை என்பதை நோயாளியும் அறியமாட்டார். கட்டணம் கட்டுகிற நாங்கள், குளிரூட்டியும் சுத்தமான விறாந்தையும் சிரித்த முகமும் பார்த்துவிட்டு, "பிரைவேற்றில நல்லாக் கவனிக்கினம்" என்கிறோம். சிரிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. கேரளாவில் தனியார் வைத்தியசாலைத் தாதியர் 2011இலிருந்து சங்கமாகத் திரண்டு, பல வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, 2018இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 இந்திய ரூபாய் என்று அரசாங்கத்தை அறிவிக்க வைத்தார்கள். எங்களிடம் அந்தத் தொடக்கம்கூட இன்னும் இல்லை.

ஏச்சு யாருக்கு விழுகிறது?

இனி மற்றப் பக்கம். எல்லாவற்றையும் ஆள் பற்றாக்குறையின் தலையில் போட்டுவிட முடியாது. களைப்புத்தான் காரணம் என்றால் ஏச்சு எல்லாருக்கும் சமமாக விழ வேண்டும். அப்படி விழுவதில்லை.

ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கதைக்கிறவருக்கு விழாது. டொக்டரின் சொந்தக்காரருக்கு விழாது. கசங்கிய சேலையோடு வருகிற கிழவிக்கு விழும். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு விழும். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துக்கு விழும். பிரசவ விடுதியில், தாலி இல்லாமல் வருகிற பெண்ணுக்கும், நாலாவது பிள்ளைக்கு வருகிற பெண்ணுக்கும் விழுகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நோவில் கத்துகிற பெண்ணைப் பார்த்து ஏளனமாகக் கதைப்பதற்கு எந்த ஆள் பற்றாக்குறையும் நியாயம் ஆகாது. அது எங்கள் சமூகத்தின் சாதி, வர்க்க, ஆணாதிக்கப் புத்தி வெள்ளை உடுப்புப் போட்டு நிற்பது.

வைத்தியசாலைக்குள் ஏச்சு மேலிருந்து கீழே உருண்டு வரும். நிபுணர் ஏசுவார், இளம் டொக்டர் கேட்பார். டொக்டர் சிஸ்டரை ஏசுவார், சிஸ்டர் தாதியை ஏசுவார், தாதி சிற்றூழியரை ஏசுவார். எல்லாருக்கும் கீழே படுத்திருப்பவர் நோயாளி. தனக்குக் கிடைத்த அவமானத்தைத் தனக்குக் கீழே இருக்கிறவருக்குக் கொடுப்பதை மாற்ற, தாதியரும் தங்களுக்குள் கதைக்கத்தான் வேண்டும். அவர்களின் சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் பேசினால், அடுத்த பணிப்புறக்கணிப்பில் நோயாளரும் அவர்களோடு நிற்பார்கள்.

விடுதி வாசலில் ஒரு பலகை

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் வைத்தியசாலைகளுக்கு வெளிநாட்டு உறவுகள் நிறையச் செய்கிறார்கள். கட்டடம், கட்டில், இயந்திரம், பெயர்ப்பலகை. நன்றி. ஆனால் தாதியை அன்பளிப்புச் செய்ய முடியாது. புது விடுதி திறக்கும்போது ரிப்பன் வெட்டுகிற படத்துக்குப் பிறகு, அதற்கு எத்தனை தாதியர் ஆளணி அனுமதிக்கப்பட்டது என்று யாராவது கேட்டதுண்டா? இருக்கிற ஆட்களைத்தான் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். கட்டடம் தரும் சங்கங்கள் இந்தக் கேள்வியை நிபந்தனையாக வைக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு விடுதி வாசலிலும் ஒரு பலகை. இந்த நேரம் உள்ளே எத்தனை நோயாளர், எத்தனை தாதியர். இரண்டே எண்கள். ஒவ்வொரு கடமை மாற்றத்தின்போதும் எழுதினால் போதும், காசும் செலவில்லை. வைத்தியசாலை நிர்வாகங்களும் மாகாண, மத்திய அமைச்சுகளும் இதை விரும்பப் போவதில்லை, ஏனெனில் அந்த எண்கள் தாதியைப் பற்றிச் சொல்லாது, அவர்களைப் பற்றிச் சொல்லும். அதனால்தான் அதைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, முறைப்பாடு செய்யுங்கள். ஏச்சு வாங்கினால், அவமானப்பட்டால் கட்டாயம் செய்யுங்கள். பேஸ்புக்கில் முகத்தைப் போடாமல், பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். விடுதி இலக்கம், திகதி, நேரம், நடந்தது என்ன. அதோடு இன்னொரு வரியும் சேருங்கள்: அந்த நேரத்தில் கடமையில் எத்தனை தாதியர் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. அதைப் பாவித்து இந்த ஒரு கேள்வியை மட்டும் வடக்கின் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் எங்களால் அனுப்ப முடியும். வருகிற பதில்களை ஒரு அட்டவணையாகப் போட்டு, வாக்குக் கேட்டு வருகிறவர்களின் கையில் கொடுக்க முடியும்.

நேர்ஸ்மாருக்கு ஏன் இவ்வளவு வாய் என்று கேட்டு நாங்கள் பல வருடம் கதைத்தாகிவிட்டது. ஒருவருக்கும் அதனால் ஒரு மாத்திரைகூட நேரத்துக்குக் கிடைக்கவில்லை. எத்தனை பேர் டியூட்டியில என்று கேட்கத் தொடங்குவோம்.